கப்பலில் இரவு விருந்து உடையும் கடைப் பொருளும்: வாசகர் கேள்வி பதில்

நவம்பர் பிறந்தால் டர்பன் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் சீசன். ஏப்ரல் வரை ஓடும். மூன்று இரவு, நான்கு இரவு என்று மொசாம்பிக் கரையோரம் போர்ச்சுகீஸ் தீவுக்கும் பொமெனிக்கும் போய்வரும் குடும்பங்கள் நம்மில் நிறைய. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு விஷயத்தைச் சுற்றியே இருந்தன: இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது, கப்பல் கடையில் எதை வாங்குவது.

அப்பாவுக்கு 72 வயது. கோட்டு சூட்டு போட்டுப் பழக்கமே இல்லை. 'காலா நைட்' அன்று வேட்டி கட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா? டக்ஸீடோ வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா?
வாசகி, சாட்ஸ்வர்த்

அனுப்ப மாட்டார்கள். வாடகைக்கும் எடுக்க வேண்டாம். காலா நைட் என்கிற விருந்து இரவுக்கு அவரவர் பாரம்பரிய உடையைக் கப்பல் கம்பெனிகள் ஏற்றுக்கொள்கின்றன. பட்டுக்கரை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம் என்று அப்பா வந்தால் அந்த மண்டபத்தில் அது முழு விருந்து உடைதான். வாசலில் நிற்பவர்கள் கவனிப்பது வேறு: அரை டிரவுசர், நீச்சல் உடை, கையில்லாத பனியன், தலையில் தொப்பி, ரப்பர் செருப்பு, வெறுங்கால். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் உள்ளே போகுமுன் இறக்கிவிடச் சொல்லுங்கள். காலுக்குத் தோல் செருப்பு போதும்.

எந்த வேட்டி என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாலு முழ ஒற்றை வேட்டி மண்டப வெளிச்சத்தில் மெல்லிசாகத் தெரியும். எட்டு முழ இரட்டை வேட்டி எடுங்கள். இடுப்பில் சொருகிக் கட்டிப் பழகியவரானாலும் கப்பலில் வெல்க்ரோ பட்டை வைத்த ஒட்டிக்கோ வேட்டியோ, மேலே ஒரு பெல்ட்டோ நல்லது. கப்பல் ஆடும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். அவிழ்கிற வேட்டியைப் பிடிக்க இன்னொரு கையும் போய்விட்டால் ஆபத்து. வெளித்தளத்துக்குப் போகும் கதவுகளில் பல இடத்தில் நிலைப்படி உயர்ந்திருக்கும், தடுக்கும். கரை கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. பாக்கெட் உள்ள வேட்டியாகப் பாருங்கள். கேபின் கதவு திறக்கவும், கடையில் கணக்கெழுதவும், கப்பலை விட்டு இறங்கி ஏறவும் ஒரே ஒரு அட்டைதான். அது சட்டைப் பையில் இருந்தால் குனியும்போது விழும்.

சூட்டுதான் வேண்டும் என்கிற ஆண்களுக்குக் கருப்பு அல்லது கருநீல சூட்டும் டையும் தாராளம். வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் போடும் கருப்பு ஷூவைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வெளியே எடுத்துப் பாருங்கள். டர்பனின் ஈரக்காற்றில் பாலியூரித்தேன் அடிப்பாகம் பெட்டிக்குள் இருந்தபடியே உளுத்துப்போகும். பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும். கட்டைவிரலால் குதிகால் பக்கம் அழுத்துங்கள். உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ அது மண்டபத்துக்கு நடந்து போகும் வழியிலேயே கழன்றுவிடும்.

மூன்று, நான்கு இரவுப் பயணத்தில் காலா நைட் பெரும்பாலும் ஒன்றுதான். ஏழு இரவென்றால் இரண்டு இருக்கலாம். மற்ற இரவுகளுக்குக் காலர் வைத்த சட்டையும் நீளக் கால்சட்டையும் போதும், அதுவும் இரண்டு செட். இதையெல்லாம் விரும்பாதவர்களுக்கு அதே நேரத்தில் மேல்தளத்தில் பஃபே திறந்திருக்கும். ஆனால் அப்பாவை அங்கே அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் மண்டபத்தில் உட்காராதீர்கள். குடும்பமாக ஒரே மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சாப்பிடுவதற்குத்தான் அந்த இரவு.

கேபினில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லையாமே? பட்டுப்புடவையைக் கசங்காமல் எப்படிக் கொண்டுபோவது? ஆறு பேர் குடும்பம், உதவிக்கு ஆள் இல்லை.
வாசகி, ஃபீனிக்ஸ்

உண்மைதான். இஸ்திரிப் பெட்டி, நீராவி இஸ்திரி, கெட்டில் மூன்றையும் ஏறும்போதே பையை ஸ்கேன் செய்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். நடுக்கடலில் தீயைப்போலக் கப்பலுக்குப் பெரிய பயம் வேறில்லை. காசு கொடுத்தால் கப்பல் லாண்டரியில் தேய்த்துத் தருவார்கள். ஆனால் காலா நைட் அன்று கூட்டம் அதிகம், ஜரிகைப் புடவை அவர்களுக்குப் பழக்கமும் இல்லை. சூடு கூடினால் ஜரிகை சுருங்கும். பட்டை அங்கே கொடுக்காதீர்கள்.

வழி, வீட்டிலேயே மடிப்பெடுத்து பாக்ஸ் ஃபோல்டிங் செய்துகொண்டு போவதுதான். கல்யாணத்துக்கு அலங்காரம் செய்கிறவர்கள் இதைச் செய்து கொடுப்பார்கள், நீங்களும் செய்யலாம். முதலில் புடவையை ஒருமுறை உடுத்தி, அன்று போடப்போகும் செருப்போடு உயரம் பார்த்து, இடுப்பில் முதல் சுற்று முடியும் இடத்தில் ஒரு ஊக்கு குத்தி அடையாளம் வையுங்கள். முந்தானையை நான்கு விரல் அகலத்தில் ஐந்தாறு மடிப்பாக எடுத்து, தோளில் நிற்கும் இடத்தில் ஊக்கு. அதிலிருந்து ஒரு முழத்துக்கு ஒன்றாகத் துணிக் கிளிப். முன்கொசுவம் ஆறேழு மடிப்பு, மேலே ஒரு ஊக்கு, நடுவில் ஒன்று, கரையில் ஒன்று. மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு மிதமான சூட்டில் தேய்த்து, முழுக்க ஆறவிடுங்கள். சூடு ஆறுமுன் மடித்தால் அந்த மடிப்பே கோடாக நின்றுவிடும். பிறகு கொசுவத்தை அடியிலும் முந்தானையை மேலேயும் வைத்துச் சதுரமாக மடித்து, பழைய தலையணை உறைக்குள் போட்டு, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். ஜரிகையும் ஜரிகையும் உரசாமல் நடுவே மல் துணி. ஊக்கு குத்தும் இடத்தில் அடியில் சின்னதாக ஒரு துணித்துண்டோ மணியோ கொடுத்தால் பட்டு கிழியாது. இப்படிக் கொண்டுபோனால் கப்பலில் கட்ட ஐந்தே நிமிடம், உதவிக்கு ஆள் வேண்டாம்.

ஜார்ஜெட், கிரேப், ஷிஃபான் என்றால் சுருட்டி வைத்தாலே போதும். மீறிக் கசங்கினால் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கையால் நீவி இழுத்துவிடுங்கள். ஆண்களின் சட்டைக்கும் இது பலிக்கும். பட்டுக்கு மட்டும் வேண்டாம், துளி விழுந்தால் வட்டமாகக் கறை நிற்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையைக் கப்பலுக்கு எடுத்துப் போவதில் அர்த்தமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. நம் கரையோரம் அகுலாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. எதிரே தென்மேற்குக் காற்று எழும்பினால் அலை செங்குத்தாகும், அந்த இரவில் கப்பல் நன்றாகவே ஆடும். ஊசிக் குதிகால் வேண்டாம். அகலக் குதிகாலோ தட்டைச் செருப்போ போடுங்கள். புகைப்படம் எடுக்க வெளித்தளத்துக்குப் போகிறீர்களானால் முந்தானையைத் தோளில் இரண்டு ஊக்கால் நிறுத்தி, நுனியை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். உப்புக்காற்று பட்டால் ஜரிகையும் கவரிங் நகையும் கறுக்கும். திரும்பி வந்ததும் உலர்ந்த மென்துணியால் துடைத்து, காற்றாட விட்டு மடியுங்கள். சென்ட்டை ஜரிகை மேல் அடிக்கவே கூடாது. மண்டபத்தில் ஏசி குளிரும், சால்வை ஒன்று எடுத்துப் போங்கள்.

ஒயிட் நைட் அன்று எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டுமாம். அத்தை வெள்ளைப் புடவை கட்டமாட்டேன் என்கிறார். வற்புறுத்தலாமா?
வாசகி, டொங்காட்

வற்புறுத்தாதீர்கள். அவர் தயங்குவது ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஒயிட் நைட் விளையாட்டுக்காக வைப்பது. வெள்ளை உடுத்தாதவரை யாரும் தடுப்பதில்லை. சந்தன நிறத்தில் சிவப்போ பச்சையோ அகலக் கரை வைத்த புடவையும், கையில் நிறைய வளையலும் என்றால் அந்தக் கூட்டத்தில் பொருத்தமாகவே இருக்கும். வெறும் வெள்ளைப் புடவையை அதற்கென்று புதிதாக வாங்காதீர்கள்.

வெள்ளை வேட்டியில் குழம்பு சிந்தினால் உடனே சோப்பு போடாதீர்கள். சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறி இன்னும் பெரிதாகத் தெரியும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வீட்டுக்கு வந்து துவைத்து நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் மஞ்சள் கறை வெளுத்துவிடும். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது.

ஆயா விடியற்காலையில் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கேபினில் சூடம், ஊதுவத்தி, சின்ன காமாட்சி விளக்கு வைத்துக்கொள்ளலாமா?
வாசகர், வெருலம்

விளக்கு வைக்கலாம், ஏற்றக்கூடாது. சூடமும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் தடை. கேபின் கூரையில் புகை உணரி இருக்கிறது. ஒரு ஊதுவத்திப் புகைக்கே அலாரம் அடிக்கலாம். பேட்டரி விளக்கும் விபூதியும் எடுத்துப் போங்கள், கிளம்புமுன் ஆயாவிடம் சொல்லிவிடுங்கள். கப்பலில் போய்ச் சொன்னால் மனம் நோகும்.

கப்பல் கிளம்புமுன் கடைகளைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். எல்லாம் பூட்டிக் கிடக்குமாமே?
வாசகி, ஐசிபிங்கோ

துறைமுகத்தில் நிற்கும்வரை பூட்டுதான். தீர்வையில்லாமல் விற்பதற்குக் கப்பல் நாட்டின் கடல் எல்லையைத் தாண்ட வேண்டும். அது கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர். கிளம்பிய அன்று மாலையே திறந்துவிடும். நங்கூரமிட்டுத் தீவில் இறங்கும் நாளில் பெரும்பாலும் பகலெல்லாம் மூடியிருக்கும். முழு நாளும் கடலில் ஓடும் தினமே கடைக்கு ஏற்றது.

கப்பல் கடையில் எல்லாமே டூட்டி ஃப்ரீதானே? பிறகு டர்பனில் இறங்கும்போது சுங்கத்தில் எதற்குக் கேட்கிறார்கள்?
வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பலர் சிக்குவது இங்கேதான். விற்கிற இடத்தில் தீர்வை இல்லை என்பதே டூட்டி ஃப்ரீ. நாட்டுக்குள் கொண்டுவரும்போது தென்னாப்பிரிக்காவின் வரம்பு தனி, கப்பல் கடைப் பொருளும் அதில் சேரும்.

ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒயின் தவிர்த்த மற்ற மதுவில் 1 லிட்டர், ஒயினில் 2 லிட்டர். சிகரெட் 200, சுருட்டு 20, புகையிலை 250 கிராம். பெர்ஃப்யூம் 50 மில்லி, ஓ டி டாய்லெட் என்கிற லேசான சென்ட் 250 மில்லி. மதுவும் புகையிலையும் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் பங்கையும் சேர்த்துக் கணக்கு போட முடியாது. இவை போக மற்ற பொருள்களுக்கு ஆளுக்கு 5,000 ரேண்ட் மதிப்பு வரை வரியில்லை. அதற்கு மேல் இன்னொரு 20,000 ரேண்ட் வரை 20 சதவீதம் கட்டலாம். எடுத்துக்காட்டாக 8,000 ரேண்டுக்குக் கைக்கடிகாரம் வாங்கினால் மேல்மிச்சம் 3,000, கட்ட வேண்டியது 600. அதையும் தாண்டினால் வழக்கமான தீர்வையும் 'வாட்' என்கிற மதிப்புக்கூட்டு வரியும் போடுவார்கள்.

இந்த 5,000 ரேண்ட் சலுகை 30 நாளில் ஒரு முறைதான். அதோடு, 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்து திரும்பினால் கிடையாது. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு காலை வந்துவிடும் இரண்டு இரவுப் பயணத்தில் மணிக்கணக்கைக் கட்டாயம் பாருங்கள்.

'இரண்டு பாட்டில் எடுத்தால் மலிவு' என்று கடையில் அடுக்கியிருப்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் 1 லிட்டர் பாட்டில் இரண்டு வரம்புக்குள் வரும். தனியாகப் போகிறவருக்கு இரண்டாவது பாட்டில் வரம்பை மீறும். விலையை லிட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள்: டர்பன் கடையில் இருப்பது பெரும்பாலும் 750 மில்லி, கப்பலில் 1 லிட்டர். டர்பன் விலையை 3ஆல் வகுத்து 4ஆல் பெருக்கினால் லிட்டர் விலை. வீட்டிலிருந்தே இரண்டு மூன்று பொருளின் விலையைக் குறித்துக்கொண்டு போங்கள். எல்லாமே மலிவு என்று எண்ணிப் போகாதீர்கள். சென்ட்டும் மதுவும் லாபமாக இருக்கலாம். சாக்லேட்டும் கப்பல் பெயர் போட்ட டீ ஷர்ட்டும் அப்படி அல்ல. வாங்கிய மதுவை உடனே கையில் தரமாட்டார்கள். கடைசி இரவில்தான் கொடுப்பார்கள், ரசீதை அதுவரை பத்திரமாக வையுங்கள்.

வீட்டு நகையைப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல். விலையுயர்ந்த நகை, கேமரா, லேப்டாப் ஆகியவற்றைக் கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். திரும்பும்போது புதிதாக வாங்கியதோ என்ற கேள்வி வராது. கனமான ஆரமாக இருந்தால் பழைய ரசீதோ, நகையோடு எடுத்த பழைய கல்யாணப் படமோ போனில் இருக்கட்டும்.

கப்பல் நகைக்கடையில் டான்ஸனைட் மோதிரம் பாதி விலை என்கிறார்கள். தங்கச் சங்கிலியை அங்குலக் கணக்கில் வெட்டியும் தருகிறார்களாம். வாங்கலாமா?
வாசகி, லெனேசியா

சங்கிலியில் தொடங்குவோம். அங்குலக் கணக்கில் விற்பது தங்கம் அல்ல, தங்க முலாம். உள்ளே வேறு உலோகம். விளையாட்டுக்கு ஒரு கைச்சங்கிலி வாங்கலாம். பேத்திக்குத் தங்கம் சேர்க்கிறோம் என்று நினைத்து வாங்காதீர்கள். அசல் தங்கமாக இருந்தாலும் முத்திரையைப் பாருங்கள். 585 என்றால் 14 காரட், 750 என்றால் 18. நம் வீடுகளில் பழகிய 22 காரட்டின் முத்திரை 916. கிராம் விலையை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தைக் கழிக்காவிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

டான்ஸனைட் நல்ல கல். 1967இல் கண்டுபிடித்தார்கள். தான்சானியாவில் கிளிமஞ்சாரோ அருகே மெரெலானி என்ற ஒரே வட்டாரத்தில் கிடைப்பது. கடையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே சூடேற்றி நீலமாக்கியவை. அது குறையல்ல, வழக்கம். ஆனால் கடினம், 10 வரை போகும் மோஸ் அளவில், 6 முதல் 7 வரைதான், கெம்புக்கும் நீலக்கல்லுக்கும் 9. பாத்திரம் தேய்க்கும் கையில் தினமும் கிடந்தால் கீறும், ஓங்கி இடித்தால் பிளக்கும். ஆகவே மோதிரத்தை விடுங்கள். தோடோ பதக்கமோ எடுங்கள். காரட் எடை, தரச் சான்று, சூடேற்றியதா என்ற விவரம் எல்லாம் ரசீதில் எழுதி வாங்குங்கள். கடை விளக்கின் கீழ் எல்லாக் கல்லும் மினுக்கும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லி, அங்கும் நீலமும் ஊதாவும் தெரிகிறதா பாருங்கள். 'பாதி விலை' எதன் பாதி என்று கேட்பது உங்கள் உரிமை.

பொமெனியில் இறங்கும்போது கரையில் என்ன வாங்கலாம்? என்ன உடுத்துவது?
வாசகர், சாட்ஸ்வர்த்

அங்கே படகுத்துறை இல்லை. சின்னப் படகில் கொண்டுபோய் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள், ஆகவே நனையாமல் முழங்காலுக்கு மேலே நிற்கும் உடையும், பின்வார் வைத்த செருப்பும். கரையில் கப்பல் அட்டை செல்லாத இடங்களுக்குச் சில்லறை ரேண்ட் நோட்டு வைத்திருங்கள்.

வாங்க ஏற்றது கப்புலானா, மொசாம்பிக் பெண்கள் இடுப்பில் சுற்றும் அச்சுத் துணி. நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர்; மேசை விரிப்புக்கும் ஆகும், பாவாடை தைக்கவும் ஆகும். நுனியை எச்சில் தொட்டு வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத்தான் துவைக்க வேண்டும். மரச்சாமான் எடுத்தால் ஓட்டையும் மரத்தூளும் இருக்கிறதா தட்டிப் பாருங்கள். பூச்சி இருந்தால் வீட்டுச் சாமான்களுக்கும் பரவும். பவளம், ஆமையோடு, தந்தம் எது கொடுத்தாலும் வேண்டாம், பறிமுதலோடு வழக்கும் வரும். பச்சைப் பழம், விதை, செடி, தேன் ஆகியவற்றையும் அனுமதியில்லாமல் டர்பனுக்குள் கொண்டுவரக் கூடாது.

கப்பலில் ரொக்கம் வாங்கமாட்டார்களாம். டெபிட் கார்டு கொடுத்தால் போதுமா?
வாசகி, ஃபீனிக்ஸ்

போதும், ஆனால் கிரெடிட் கார்டே மேல். கணக்கு தொடங்கும்போது ஒரு தொகையை முன்கூட்டிப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டில் அது உங்கள் சொந்தப் பணம். செலவழிக்காத மீதி விடுபடப் பல நாள் ஆகலாம், மாதக் கடைசியில் வீட்டுக் கடன் தவணை அதனால் தவறலாம். பல கப்பலில் ரொக்கமாக முன்பணம் கட்டிக் கணக்கு தொடங்கவும் வழி உண்டு. கப்பல் கணக்கு டாலரிலா ரேண்டிலா என்று டிக்கெட்டில் பாருங்கள். டாலர் என்றால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். கடைசி நாள் காலைவரை காத்திராமல் முந்தின மாலையே கணக்கை அச்செடுத்து வரிவரியாகப் பாருங்கள். பிள்ளைகள் அட்டையைத் தேய்த்தது அப்போதுதான் தெரியும்.

முதல் நாளும் கடைசி நாளும் பெட்டி கையில் இருக்காது என்கிறார்களே?
வாசகர், டொங்காட்

இருக்காது. ஏறும் நாளில் துறைமுகத்தில் கொடுத்த பெட்டி கேபினுக்கு வரச் சில மணி நேரம், சில சமயம் இரவுச் சாப்பாட்டு நேரமே ஆகிவிடும். முதல் இரவுக்கான உடை, மருந்து, நகை, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில். இறங்கும் முந்தின இரவு பெட்டியைப் பூட்டிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், நள்ளிரவில் எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் போடும் உடையையும் செருப்பையும் முதலில் எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பிறகு பெட்டியை மூடுங்கள். இரவு உடையோடு சுங்கத்தில் வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. மது பாட்டிலை வெளியே வைக்கும் பெட்டியில் போடாதீர்கள். உடைந்தால் புடவை போய்விடும், அதோடு சுங்கத்தில் கேட்டால் ரசீதும் பொருளும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.